பொறுமை தாய்க்கு, நன்மை நமக்கா?



சென்ற வருடம் நோன்புக்குச் சில வாரங்கள் முந்தி, எங்கள் பகுதியிலுள்ள மலிவு விலை அடுக்குமாடியொன்றில் ஒரு பெரியவர் மௌத்தானார். அவர் குடியிருந்தது மூன்றாவது மாடியில். பினாங்கிலே பழைய அடுக்குமாடிகள் பலவற்றுக்கு லிஃப்ட் கிடையாதென்பது வாசகர்களுக்குத் தெரிந்த சங்கதியே. படிக்கட்டோ ஒடுக்கமானது, திருப்பங்களில் ஒருவர் மேலே ஏறினால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இருந்தும் அன்று சந்தூக்கைக் கீழே இறக்கக் கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. நாற்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தோம். "நீங்கள் விடுங்கள், நான் பிடிக்கிறேன்" என்று தோள் மாற்றப் போட்டியாயிருந்தது. மய்யித்தைச் சுமப்பதன் நன்மையை நாமெல்லாம் ஓதப்பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்களல்லவா!

எதிர்வீட்டு வாசலில் ஒரு சகோதரி நின்றுகொண்டிருந்தார். என் கடையில் கணக்கு வைத்துச் சாமான் வாங்குகிறவர். அவருக்குப் பின்னால் பாயின் மேல் அவருடைய மகன் கிடந்தான். பதினொரு வயது. பிறந்த நாள்முதல் நடக்கவில்லை. உட்கார வைத்தாலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். நான் கடைசி ஆளாக இறங்கும்போது அந்தச் சகோதரி மெதுவாகச் சொன்னார்:

"இந்தப் படியிலே ஆளை இறக்க முடியும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு காக்கா."

மையவாடிக்குப் போய்வந்து, குளித்து, கடையைத் திறந்து வியாபாரத்தையும் பார்த்தேன். இரவு பேரேட்டைக் கூட்டும்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. அவர் இறந்தவரைப் பற்றிச் சொல்லவில்லை. தம் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். உயிர் போனவரை இறக்க நாற்பது பேர் வந்தோம். உயிரோடிருக்கும் பிள்ளையை இறக்க நான்கு வருடமாக ஒருவரும் போகவில்லை.

நான் ஆலிமல்ல, கடைக்காரன். ஓதப்பள்ளியில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. ஆகவே நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் மனத்தை உறுத்துகிற ஒரு கேள்வியைச் சபையில் வைக்கிறேன். குறையோடு பிறந்த பிள்ளைக்கு நாம் செய்வது தர்மமா, கடனா? அதாவது, செய்தால் நமக்கு நன்மை, செய்யாவிட்டால் நஷ்டமில்லை என்ற வகையா. அல்லது செய்யாவிட்டால் பிறர் முதலைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவன் போல நாம் நிற்கிறோமா?

முதலில் அந்தக் குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு மூளைவாதம். பிறப்பதற்கு முந்தியோ, பிறக்கும்போதோ, பிறந்து சிறிது காலத்துக்குள்ளோ மூளையில் ஏற்படுகிற ஊறு அது. குறை மாதத்தில் பிறத்தல், மூச்சுத் திணறல், மூளையைத் தாக்கும் காய்ச்சல், கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல; எது காரணமென்று கடைசிவரை தெரியாமலே போவதும் உண்டு. மூளையில் ஏற்பட்ட ஊறு அதற்கு மேல் வளர்வதில்லை. ஆனால் உடம்பு வளர்கிறதே! தசைகளை நாள்தோறும் நீவி நீட்டிக் கொடுக்காவிட்டால் அவை இறுகிச் சுருங்குகின்றன. முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடுகிறது. இடுப்பு மூட்டு நழுவுவதும் உண்டு. படுத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சில் சளி கட்டும். ஆகவே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிது சிறிதாக, ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஊட்ட வேண்டும். நாளுக்கு மூன்று வேளை. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாப்பா நாசி கண்டார் கடையில் இரவு வேலை. விடிந்து வந்து உறங்கினால்தான் மறுபடி நிற்க முடியும். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஆக, உம்மா ஒருவர்தான். பையன் ஏழு வயதாயிருந்த வரையில் அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, சமூக மறுவாழ்வு நிலையத்துக்கு (மலாயில் பி.டி.கே. என்பார்கள்) கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அந்த நிலையங்கள் நல்ல ஏற்பாடு. 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட் என்ற கிராமத்தில் சோதனையாக ஆரம்பித்து நாடெங்கும் பரவியவை. தூரத்து ஊரில் ஒரு பெரிய விடுதியில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிடாமல், அவன் பிறந்த இடத்திலேயே, அண்டை அயலார் நடுவிலேயே பயிற்சி கொடுப்பதுதான் அதன் கருத்து. வேனும் வந்து அழைத்துப்போகும். ஆனால் வேன் நிற்பது கீழே. பிள்ளை இருப்பது மேலே. பிள்ளை வளர வளர உம்மாவின் முதுகு போயிற்று. ஒருநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் சறுக்கி, பிள்ளையை மார்போடு அணைத்தபடி அவர் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு இறங்குவது நின்றது. நான்கு வருடம்.

இந்த நான்கு வருடத்தில் நாம் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டால், செய்தோம். செய்ததைத்தான் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஒரு நோன்பிலே அன்பளிப்பு வழங்கும் நிகழ்ச்சி நடந்தது; நடத்தியவர்களில் நானும் ஒருவன். அரிசி, எண்ணெய், பேரீச்சம்பழம், ஓர் உறை. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் மேடை போட்டாயிற்று, பிரமுகர் வந்தாயிற்று, படம் எடுக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு வரச் சொன்னோம். அந்த உம்மா எப்படியோ பிள்ளையை இறக்கிக் கொண்டுவந்தார். எப்படி இறக்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. மேடையிலே கைதட்டல் சத்தம் திடீரென்று எழுந்ததும் பையனுடைய உடம்பு வில்லாய் விறைத்துவிட்டது. மூளைவாதமுள்ள பிள்ளைகளில் பலருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் அப்படி ஆகுமாம், பின்னால்தான் அறிந்தேன். நாங்களோ அவன் சந்தோஷத்தில் துள்ளுகிறானென்று இன்னும் பலமாகத் தட்டினோம். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு என் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டு வருடம் அது அங்கே இருந்தது. அந்த உம்மாவும் மாதாமாதம் அதன் கீழே நின்றுதான் பேம்பர்ஸ் வாங்கிப் போனார்.

அதுமட்டுமல்ல. கடன் பாக்கி ஏறும்போதெல்லாம் அவர் முகம் வாடும். நான் என்ன சொல்வேன் தெரியுமா? "ஸபுர் செய் தங்கச்சி. சொர்க்கத்துச் சாவி உன் வீட்டில்தான் இருக்கிறது" என்பேன். சொல்லிக்கொண்டே பாக்கியை எழுதுவேன். அந்தப் பேரேட்டைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். அவர் பாக்கியில் பாதிக்கு மேல் பேம்பர்ஸ்.

ஸபுர் மகத்தான குணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஸபுர் என்பது அந்தத் தாய்க்கும் படைத்தவனுக்கும் இடையிலுள்ள விவகாரம். அதை அவர் செய்கிறார். செய்யும்படி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் அதைச் சொல்லும்போது உண்மையில் என்ன செய்கிறேன்? என் பங்கையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கொரு நல்ல பெயரும் சூட்டுகிறேன். அவர் பொறுத்தால் நான் போக வேண்டியதில்லையல்லவா! சுமையைத் தாங்கும்படி உபதேசிப்பவன், சுமையில் ஒரு முனையைப் பிடித்த பிறகு உபதேசித்தால் அது உபதேசம்.

இன்னொரு வகையான பேச்சும் நம்மில் உண்டு. அது இதைவிடக் கொடியது. "எந்தப் பாவமோ இப்படிப் பிறந்தது" என்பது. கிரகணத்தில் வெளியே போனாள், யாரோ கண் வைத்தார்கள், முன்னோர் செய்த வினை என்று எத்தனையோ சொல்கிறார்கள். ஒருவர் பாவத்தை மற்றொருவர் சுமப்பதில்லையென்பது திருமறை பல இடங்களில் சொல்லும் அடிப்படை. அதை ஓதுகிற வாயாலேயே இதையும் சொல்கிறோம். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எத்தனையோ வீடுகளில் பிள்ளையை உள்ளறையில் வைத்திருக்கிறார்கள். மூத்தவளைப் பெண் பார்க்க வரும்போது தம்பியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரசாங்கத்தில் உடற்பேறு குறைந்தோர் அட்டைக்குப் பதிவு செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமென்று பதிவு செய்யாமலிருப்பவர்களும் உண்டு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் அட்டையில்லாவிட்டால் பல உதவிகளுக்கு வழியில்லை. சம்பந்தம் பேசுகிற நாம் மாப்பிள்ளை வீட்டாராயிருக்கும்போது என்ன கேள்வி கேட்கிறோமோ, அந்தக் கேள்விதான் இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளையை அறைக்குள் பூட்டுகிறது. இதை நான் பெண்களுக்காக மட்டும் எழுதவில்லை. கேள்வியைப் பெண்கள் கேட்கிறார்கள். கேட்கச் சொல்லி அனுப்புவது நாம்தான்.

இப்போது கடனா தர்மமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாறு நமக்கெல்லாம் தெரியும். கண் தெரியாத ஸஹாபி. நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வந்து குறுக்கிட்டுக் கேட்டார். நபியவர்களின் முகம் சற்றே சுளித்தது. அந்தச் சுளிப்பைக் கண் தெரியாத அவர் பார்க்கவுமில்லை. பார்க்காதவருக்காக அல்லாஹ் பார்த்து, தன் ஹபீபையே கண்டித்து, அதையும் திருமறையின் 80ஆவது அத்தியாயமாக்கி, கியாமத்து வரையில் ஓதும்படி வைத்துவிட்டான். பயான்களில் இதை அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அதே ஸஹாபியைப் பற்றிய மற்றொரு ஹதீஸை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. பள்ளிவாசலுக்கு அழைத்துவர ஆளில்லை, வீட்டிலேயே தொழ அனுமதி வேண்டுமென்று அவர் கேட்டார். அனுமதி கிடைத்தது. திரும்பிப் போகும்போது நபியவர்கள் அவரை அழைத்து, பாங்கு காதில் விழுகிறதா என்று கேட்டார்கள். விழுகிறதென்றார். அப்படியானால் வர வேண்டுமென்று சொல்லிவிட்டார்கள்.

ஜமாஅத் தொழுகையின் சிறப்புக்கு இந்த ஹதீஸை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதன் சட்டத்தில் இமாம்களுக்குள்ளே விளக்கங்கள் வேறுபடுகின்றன. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கடைக்காரன் புத்திக்கு ஒன்று தோன்றுகிறது. அழைத்துவர ஆளில்லையென்று ஒருவர் சபையில் சொன்ன பிறகும் அவர் வந்துதான் ஆகவேண்டுமென்றால், அந்தக் கட்டளை அவர் ஒருவருக்கு மட்டுமா? அவர் தெருவில் குடியிருந்த கண்ணுள்ளவர்களுக்கு அதில் பங்கில்லையா? "நீ வீட்டிலேயே இருந்துகொள், உனக்குக் குற்றமில்லை" என்பது கேட்பதற்குக் கருணைபோலத்தான் இருக்கிறது. ஆனால் அதனால் யாருக்குச் சௌகரியம்? பிற்காலத்தில் மதீனாவை விட்டு நபியவர்கள் வெளியே போன சில சமயங்களில் நகரத்தையே அவர் பொறுப்பில் விட்டுப் போனார்கள். வீட்டோடு இருக்கவிட்டிருந்தால் அந்தப் பொறுப்புக்கு அவரை யார் நினைத்திருப்பார்கள்?

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். இப்னு உம்மி மக்தூம் அறிவாளி. மக்காவின் முப்தியாயிருந்த அதாஉ இப்னு அபீரபாஹ் அவர்களும் நொண்டி, ஒற்றைக் கண்ணர்; ஆனால் மார்க்க மேதை. இப்படிப்பட்டவர்களைக் காட்டிக் காட்டியே நாம் பேசுகிறோம்: குறையுள்ளவனும் சாதிப்பான், வாய்ப்புக் கொடுங்கள் என்று. அது உண்மைதான். ஆனால் சாதிக்காத பிள்ளைக்கு என்ன சொல்வது? மூன்றாம் மாடிப் பையன் முப்தியாகப் போவதில்லை. தன் பெயரைச் சொல்வானா என்பதே தெரியாது. அவனுக்குச் செய்வது எந்த இலாபத்தை எதிர்பார்த்து? இங்கேதான் நம்முடைய தர்மத்தின் தராசு தெரியும். பலன் தரும் பிள்ளைக்குச் செய்வது ஒருவகையில் முதலீடு. பலன் தராத பிள்ளைக்குச் செய்யும்போதுதான் அது ஹக்கு என்று நாம் ஒப்புக்கொள்கிறோம்.

மார்க்கச் சட்டத்தைப் பாருங்கள். புத்தி வளராத பிள்ளையின் மேல் தொழுகையில்லை, நோன்பில்லை. கேள்வி கணக்கு எழுதும் பேனா அவனைவிட்டு உயர்த்தப்பட்டிருக்கிறது. கடமைகள் போயின. உரிமைகள் போயினவா? ஒன்றுகூடப் போகவில்லை. வாப்பாவின் சொத்தில் மற்ற மகனுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அவனுக்கும் உண்டு. உடற்குறைக்காக ஒரு சல்லியும் பிடிப்பதில்லை. பெருநாளுக்கு முந்தி வீட்டுக்கு வீடு பித்ராவுக்குத் தலை எண்ணுகிறோமே, அப்போது அவனும் ஒரு தலை; அவனுக்காகவும் ஒரு ஸாஉ அரிசி அளக்க வேண்டும். நான் அரிசி விற்கிறவன். இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். பித்ராவுக்கு ஒரு தலையாக எண்ணப்படுகிறவன், பள்ளிவாசலுக்குச் சாய்தளம் கட்டுகிறபோது ஏன் எண்ணப்படுவதில்லை? மீலாது விழாவுக்கு ஜமாஅத்துப் பிள்ளைகள் எத்தனை என்று கணக்கெடுத்துத் தின்பண்டப் பை கட்டும்போது ஏன் விட்டுப்போகிறான்?

கேட்கிறவனுக்கும், கேளாமலே இழந்து நிற்கிறவனுக்கும் நம் பொருளில் ஹக்கு உண்டென்று திருமறை சொல்வதை (ஸூரத்துத் தாரியாத், ஸூரத்துல் மஆரிஜ் இரண்டிலும்) நாம் பணத்தோடு நிறுத்திவிடுகிறோம். பொருளென்றால் பணம் மட்டுமா? காலையிலே இரண்டு மணி நேரமும், பலமுள்ள தோளும் நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள்கள்தாமே.

வலீது இப்னு அப்துல் மலிக் என்ற உமையா கலீபா (705 முதல் 715 வரை ஆண்டவர்) நடக்க முடியாதவருக்கு ஒரு பணியாளரையும், கண் தெரியாதவருக்கு ஒரு வழிகாட்டியையும் ஏற்படுத்தி, அவர்கள் பிறரிடம் கேட்டு நிற்காதபடி மானியமும் கொடுத்தாரென்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய ஆட்சியை நான் முழுதும் புகழவில்லை. ஹஜ்ஜாஜின் கொடுமையும் அதே ஆட்சியில்தான் நடந்தது. ஆனால் ஆயிரத்து முன்னூறு வருடங்களுக்கு முந்தியே, பணம் மட்டும் போதாது, ஆளும் வேண்டுமென்று ஓர் அரசருக்குத் தெரிந்திருக்கிறது.

"அரசாங்கம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நன்றியோடு சொல்ல வேண்டும். உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008இல் வந்தது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடம் திருப்பியனுப்பக் கூடாதென்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் கொண்டுவந்தது. படுக்கையிலிருப்பவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பத்துக்குச் சமூகநல இலாகா கொடுக்கும் மாத உதவி 2021இல் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது. ஜகாத்துக் கணக்கிலும், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இருந்தால் போதுமென்று அளக்கும்போது வீட்டில் உடற்குறையுள்ளவர் இருந்தால் அதற்கெனக் கூட்டிப் போடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பாரம் நிரப்ப வேண்டும். டாக்டர் சான்று வேண்டும். அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீட்டைவிட்டு ஒரு மணி நேரம் நகர முடியாத தாய் எப்படிப் போவார்? அந்தப் பாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பிக்கொடுக்க நம் படித்த வாலிபர் ஒருவர் போதும். பெரும்பாலும் பணம் இல்லாமல் காரியம் நிற்பதில்லை. பணம் இருக்கிற இடத்துக்கும் பிள்ளை இருக்கிற இடத்துக்கும் நடுவில் மூன்று மாடிப் படிக்கட்டு இருப்பதால் நிற்கிறது.

பெயர்களை மட்டும் நாம் அழகாக மாற்றிக்கொண்டே வருகிறோம். ஒரு காலத்தில் ஊனமென்றோம். இந்நாட்டில் உடற்பேறு குறைந்தோர் என்கிறோம், தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி. நல்ல சொற்கள்தாம். படிக்கட்டுக்கு அவை தெரியவில்லை.

மற்றச் சமூகத்தாரைப் பார்த்து ஒரு வார்த்தை. பார்வையற்றோருக்காக 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள் ஆரம்பித்த செயின்ட் நிக்கலஸ் இல்லம் பிறகு நம் பினாங்குக்கு வந்தது. இன, மத பேதம் பார்க்காமல் நடந்துவருகிறது. காது கேளாதோருக்கான பள்ளிக்கூடம் 1954இல் இதே தீவில் தஞ்சோங் பூங்காவில் வந்தது. 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய நம் முன்னோருக்கு வக்பு செய்யும் மனம் இருந்தது. அந்த மனம் நமக்கும் வற்றிவிடவில்லை. ஆனால் நாம் பெரிய கட்டடத்தைத்தான் யோசிக்கிறோம். "நமக்கென்று ஒரு நிலையம் கட்ட வேண்டும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போடுகிறோம். கட்டும் நாள் வரட்டும். அதுவரையில்?

அந்த இரவுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் என் வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். என்ன வேண்டுமென்று கேட்டேன். பதினொரு வருடத்தில் தம்மிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையென்றார். மதீனாவிலே அறிவு சற்றுக் கலங்கிய ஒரு பெண் நபியவர்களிடம் வந்து ஒரு காரியம் இருக்கிறதென்றபோது, எந்தத் தெருவில் நிற்கலாமென்று நீயே சொல் என்றார்களாம். அவள் சொன்ன இடத்தில், அவள் காரியம் முடியுமட்டும் நின்றார்களாம். இடத்தை அவள் தெரிந்தெடுத்தாள்; காரியத்தையும் அவளே சொன்னாள். நாமோ என்ன கொடுப்பதென்று நாமே முடிவு செய்து, எங்கே வந்து வாங்குவதென்றும் நாமே சொல்கிறோம்.

அரிசி வேண்டாமென்றார் அந்தச் சகோதரி. "செவ்வாய்க்கிழமை காலையிலே ரெண்டு பேர் வந்து புள்ளைய வேன் வரைக்கும் இறக்கிவிட்டு, பன்னெண்டு மணிக்கு ஏத்திவிட்டாப் போதும் காக்கா. ராத்தா யாராவது வாரத்துல ஒருநாள் வந்து ஒரு மணி நேரம் இருந்தா நான் தலைக்குக் குளிச்சிட்டு நிதானமா தொழுதுக்குவேன்." இவ்வளவுதான். சொர்க்கத்துச் சாவியைப் பற்றி நானும் பேசவில்லை.

இதை நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன். ஒரு நண்பர் நியாயமான கேள்வியொன்று கேட்டார்: "தூக்கும்போது விழுந்தால் யார் பொறுப்பு?" எனக்கு உடனே கோபம் வந்தது. சந்தூக்கை இறக்கும்போது ஏன் அதைக் கேட்கவில்லையென்று கேட்க நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது சரிதான். மய்யித்துக்கு வலிக்காது, பிள்ளைக்கு வலிக்கும். ஆகவே மறுவாழ்வு நிலையத்து உடற்பயிற்சியாளரிடம் போய்க் கேட்டோம். அவர் வந்து காட்டிக்கொடுத்தார். ஒருவர் பின்னாலிருந்து கக்கத்தினடியில் கை கொடுத்துத் தலையைத் தம் மார்பில் சாய்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர் தொடைக்கடியில் பிடிக்க வேண்டும். திடீரென்று தூக்கக் கூடாது. தூக்குமுன் பெயர் சொல்லி அழைத்துச் சொல்ல வேண்டும். உடம்பு விறைத்தால் நின்று, தளரும்வரை காத்திருக்க வேண்டும். இழுக்கக் கூடாது. மூன்றாவது ஆள் ஒருவர் முன்னால் இறங்கிப் படியை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதல் மாதம் வாலிபர்கள் உற்சாகமாக வந்தார்கள். இரண்டாவது மாதம் ஒருவர் வேலை மாறிப் போனார். மூன்றாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவருமே வரவில்லை. வேன் வந்து, பத்து நிமிஷம் நின்று, போய்விட்டது. அவர் எனக்குப் போன்கூடச் செய்யவில்லை. அன்று மாலை கடைக்கு வந்து சாமான் வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மௌனம் எனக்குப் பழைய ஸபுராகவே பட்டது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய் காலையில் கடையைப் பத்து மணிக்குத்தான் திறக்கிறேன். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நான் ஒருவன் நிச்சயம். மையத்து வேலைக்கு நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்: குளிப்பாட்ட ஆள், கபன் தைக்க ஆள், கபுறு வெட்ட ஆள், ஒருவர் வராவிட்டால் மற்றவர். பர்ளு கிபாயா என்றால் யாரோ செய்வார்களென்பதல்ல. ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுதும் குற்றவாளி என்பது. இது அந்த வகையில் சேருமா சேராதா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். சேராதென்று சொல்லும் ஆலிம் ஒருமுறை அந்தப் படியில் ஏறிவந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அந்த வாப்பா ஒருநாள் என்னிடம் தனியாகக் கேட்டது வேறொன்று. "நாங்க ரெண்டு பேரும் மௌத்தாயிட்டா இவன யாரு பாப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பங்குச் சட்டப்படி வரும் பாகம் அவனுக்கு உண்டு. வாரிசுக்கு வஸிய்யத்தின் மூலம் அதைக் கூட்ட மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ஆனால் உயிரோடிருக்கும்போதே, தேவையைக் கருதி ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக ஹிபா செய்யலாமென்று சொன்ன இமாம்களும் உண்டு. இப்படிப் பிள்ளையுள்ளவர்கள் ஆலிமிடமும் வக்கீலிடமும் இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஆனால் எழுதிவைக்கச் சொத்தில்லாதவர் என்ன செய்வார்? அவர் கேட்டது சொத்தைப் பற்றியல்ல. அக்காள் தலையில் விழுந்துவிடுமே என்றுதான். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. எஸ்.பி.எம். எழுதிவிட்டுத் தாதிப் படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள். வீட்டைவிட்டுப் போக முடியாதென்று அவளே மனத்தில் முடிவு செய்துவிட்டதுபோல் தெரிகிறது, யாரும் சொல்லவில்லை. இதற்கு என்னிடம் ஏற்பாடு ஒன்றுமில்லை. உங்களில் யோசனையுள்ளவர்கள் எழுதுங்கள்.

கல்லாவுக்கு மேலிருந்த படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு மாத நாட்காட்டி. செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு இரண்டு பெயர். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவர் மெர்போக் குருவி வளர்க்கிறார். அந்தக் கூண்டுக்குக் கீழே வரும்போது பையன் தலையைத் திருப்பிச் சத்தம் கொடுப்பான். அங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். அவசரப்பட்டால் உடம்பு விறைத்துவிடும்.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கும் நான்காவது செவ்வாய்க்கும் ஒவ்வோர் ஆள் குறைகிறது. காலை எட்டு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் வரக்கூடியவர்கள் கடையில் வந்து பெயர் கொடுக்கலாம். வஸ்ஸலாம்.